மைக்கேனியாக் கொடி: கையால் பிடுங்குவதா, மருந்தடிப்பதா, பூஞ்சையை விடுவதா?

சென்ற சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியோடு வந்தார்கள். முதலில் வந்தவர் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழே சமூகத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அக்கா. வெண்டைக்கும் கறிவேப்பிலைக்கும் போட்ட வேலி முழுக்க ஒரு கொடி ஏறிவிட்டது என்றார். அடுத்தவர் ஜோகூரில் குளுவாங் பக்கம் கொஞ்சம் செம்பனை வைத்திருக்கும் அண்ணன். அவருடைய மரங்களில் மட்டைவரை அதே கொடி. மூன்றாமவர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் தம்பி, சனிக்கிழமைகளில் காட்டோரத்தில் களையெடுக்கும் தொண்டூழியர். வெளிநாடுகளில் களைக்கு நோய் தரும் பூஞ்சையை விட்டே களையை அடக்குகிறார்கள் என்று மூவருமே எங்கோ படித்திருந்தார்கள். "நாமும் அதைச் செய்யலாமா, இல்லை பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா?"

மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொடியைப் பற்றி முதலில். இதய வடிவ இலை, இளம்பச்சை நிறம், கொத்துக் கொத்தாகச் சிறு வெள்ளைப் பூ. ரயில் வழித்தடத்தின் ஓரங்களிலும் விரைவுச்சாலைச் சரிவுகளிலும் காலி மனைகளிலும் போர்வை போட்டதுபோல் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெயர் மைக்கேனியா மைக்ராந்தா, ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. இளங்கொடி ஒரு நாளில் 8 செ.மீ. வரை நீளும். எதன்மேல் ஏறுகிறதோ அதன் வெயிலைப் பறித்துக்கொள்ளும்.

அதன் சொந்த ஊரில் இது இப்படி அட்டகாசம் செய்வதில்லை. அங்கே அதைத் தின்னும் பூச்சிகளும் அதற்கு நோய் தரும் பூஞ்சைகளும் கூடவே வாழ்கின்றன. இங்கே வரும்போது கொடி மட்டும் வந்தது, எதிரிகள் வரவில்லை. நம் குடும்பங்களுக்கு இதே கதை வேறொரு செடியின் பெயரில் தெரியும். 1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு (தாவரவியல் தோட்டத்துக்கு) வந்தன. அவற்றின் வழியில்தான் மலாயா முழுக்கத் தோட்டங்கள் எழுந்தன, நம் பாட்டன் பாட்டிகள் பால்மரம் வெட்ட வந்தார்கள். அமேசானில் ரப்பரின் இலையைக் கருக்கும் பூஞ்சை ஒன்று இருக்கிறது. ஹென்றி ஃபோர்டு 1928-இல் பிரேசிலில் தொடங்கிய மாபெரும் ரப்பர்த் தோட்டம் தோற்றதற்கு அந்த நோய் ஒரு பெரிய காரணம். இந்தப் பக்கம் ரப்பர் தழைத்தது அந்தப் பூஞ்சை இங்கே வந்து சேராததால். மைக்கேனியா தழைப்பதும் அதேபோலத்தான். அப்படியென்றால் விட்டுப்போன எதிரியைத் தேடிக் கூட்டி வந்தால் என்ன என்பதுதான் பூஞ்சைவழிக் கட்டுப்பாட்டின் அடிப்படை யோசனை.

## எதை வைத்து முடிவெடுப்பது

எல்லாரும் முதலில் கேட்பது "எவ்வளவு சீக்கிரம் சாகும்?" என்றுதான். என் அனுபவத்தில் அது நான்காவதோ ஐந்தாவதோ கேட்க வேண்டிய கேள்வி.

முதல் கேள்வி பரப்பு. ஒரு வேலியா, ஐந்து ஏக்கரா, நாடு முழுவதுமா? இரண்டாவது, குறி தப்பினால் அடி யார்மேல் விழும்? பக்கத்துச் செடியா, கால்வாயில் ஓடும் நீரா, நம் காட்டிலேயே பிறந்த சொந்தக்காரச் செடியா? மூன்றாவது, தப்பு நடந்தால் செய்ததைத் திரும்பப் பெற முடியுமா? நான்காவது, எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அந்த வேலை யாருடைய முதுகில் விழும்? கடைசியாக, இந்த முடிவை எடுக்கும் உரிமை உண்மையில் யாருக்கு இருக்கிறது?

இவற்றில் மூன்றாவதுக்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். பிடுங்கிய செடி தப்பான செடி என்றால் மறுபடி நடலாம். அடித்த மருந்து மண்ணில் கொஞ்ச காலம் இருந்து போகும். காற்றில் பறக்கவிட்ட பூஞ்சை வித்தை எவராலும் திரும்ப அழைக்க முடியாது.

## கையால் பிடுங்குவது

இதைத்தான் நான் அதிகம் செய்திருக்கிறேன். நன்றாகச் செய்தால் நன்றாகவே பலன் தரும், அவசரமாகச் செய்தால் நிலைமை மோசமாகும். மைக்கேனியாவின் ஒவ்வொரு கணுவும் வேர்விடும். தண்டைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தால் அறுந்து, தரையோடு கிடக்கும் துண்டுகள் ஒவ்வொன்றும் தனிக்கொடியாகும். நான் தொடங்கிய முதல் ஆண்டில் இழுத்த கொடிகளையெல்லாம் அங்சானா மரத்தடியில் ஈர மண்ணின்மேல் குவித்துவிட்டு வந்தேன். இரண்டு வார மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் அந்தக் குவியலே பசுமையாகத் துளிர்த்திருந்தது. பிடுங்கிய இடத்தைவிட அங்கே அதிகம். அதிலிருந்து எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கட்டி, வெயிலில் வாட்டிய பிறகுதான் அப்புறப்படுத்துகிறேன்.

முறை இதுதான்: மேலே ஏறியதை முதலில் வெட்டி அப்படியே மரத்தில் காயவிடுங்கள். தரையில் படர்ந்ததைச் சுருட்டிக்கொண்டே போய் வேர் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சிறு கொத்தால் நெம்பி எடுங்கள். பூப்பதற்கு முன்னால் செய்யுங்கள். விதை மிக லேசானது, பஞ்சு முடியோடு காற்றில் போய்விடும். முதல் சில மாதங்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

குறி தப்பும் ஆபத்து மிகக் குறைவு, ஏனென்றால் பிடுங்குவதைக் கண்ணால் பார்க்கிறீர்கள். செலவு நேரத்திலும் உடம்பிலும் இருக்கிறது. தொண்டூழியர்களுக்கு அது சனிக்கிழமைக் காலை. ஆனால் பெரிய பரப்பென்றால் ஒப்பந்ததாரரிடம் போகும், பிறகு ஊரிலிருந்து வந்து நடுப்பகல் வெயிலில் சரிவில் நின்று வேலை செய்யும் தம்பிகளிடம் போகும். "கையால் எடுப்பதுதான் இயற்கை வழி" என்று கூட்டத்தில் சொல்லும்போது அந்தக் கை யாருடையது என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் என்றால் இன்னொரு செலவும் உண்டு. பத்துப் பேர் நடந்தால் தரையில் முளைத்திருக்கும் நாட்டு மரக்கன்றுகள் மிதிபடும்.

## களைக்கொல்லி

சுருக்கமாகவே சொல்கிறேன், இதைப் பற்றிப் பலருக்கும் தெரியும். கிளைஃபோசேட் போன்ற மருந்து மைக்கேனியாவைக் காயவைக்கும். சிக்கல் என்னவென்றால், இந்தக் கொடி தனியாக நிற்பதில்லை. எந்தச் செடியைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதையே சுற்றிக்கொண்டு நிற்கிறது. கொடிமேல் அடித்தால் செடிமேலும் படும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. மாலை மழை வந்தால் இலையில் அடித்தது கால்வாய் வழியாக நாம் குடிக்கும் நீர்த்தேக்கத்தை நோக்கித்தான் போகும்.

மறைந்திருக்கும் செலவுகளை நம் சமூகம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. மலேசியத் தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அவர்களில் ஏராளமானோர் தமிழ்ப் பெண்கள். நகம் கருகி, கண் எரிந்து, மூக்கில் ரத்தம் வந்த கதைகளைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மலேசியா அந்த மருந்தை 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. கிளைஃபோசேட்டை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் சேர்த்தது. பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அதை ஏற்கவில்லை, விவாதம் நீள்கிறது. களைகளும் சும்மா இருப்பதில்லை. கிளைஃபோசேட்டுக்குச் சாகாத எலியூசின் இண்டிகா என்ற புல் வகை ஒன்று 1997-இலேயே மலேசியாவில் கண்டறியப்பட்டது.

அப்படியென்றால் மருந்து வேண்டவே வேண்டாமா? மரமாக வளரும் அயல் களைகளை வெட்டிவிட்டு, அடிக்கட்டையில் தூரிகையால் தடவும் அளவுக்கு என்றால், பயிற்சி பெற்றவர் கையில் அது நியாயமான கருவிதான். சாப்பிடும் கீரையும் வெண்டையும் வளரும் இடத்தில் வேண்டாம்.

## புட்டியில் வரும் பூஞ்சை

பூஞ்சை என்று சொன்னதும் பலரும் நினைப்பது இதைத்தான்: ஒரு புட்டி, தண்ணீரில் கலந்து தெளிப்பது, மருந்தைப் போலவே ஆனால் "இயற்கையானது". இப்படிப்பட்டவை வந்தன. 1981-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டங்களைச் சுற்றிக்கொண்ட ஒரு கொடிக்கு எதிராக 'டிவைன்' விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அர்க்கன்சாவில் நெல் வயல், சோயா வயல் களைக்கு எதிராக 'கொலேகோ' வந்தது.

டிவைனின் கதையைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. அதில் இருந்த உயிரி ஃபைட்டோப்தோரா பால்மிவோரா. (கறாராகச் சொன்னால் அது பூஞ்சை இனமே இல்லை, நீர்ப்பூஞ்சை என்ற தனிக் குடும்பம். பழக்கத்தில் சேர்த்தே பேசுகிறார்கள்.) களையைக் கொல்வதில் அது அபாரமாக வேலை செய்தது. ஒருமுறை அடித்தால் மண்ணிலேயே தங்கிப் பல ஆண்டுகள் களையை அடக்கியது. அதுவே வியாபாரத்துக்கு எமனாக வந்தது, ஒருமுறை வாங்கிய விவசாயி மறுபடி வாங்க வரவில்லை. குளிர்ச்சியில் வைத்தே கொண்டுபோக வேண்டும், சில வாரங்களில் கெட்டுவிடும் என்ற தொல்லை வேறு.

நமக்கு அதில் முக்கியமான செய்தி வேறொன்று. இதே பால்மிவோராதான் டுரியான் மரத்தின் அடிப்பட்டையை அழுக வைப்பது. பப்பாளியையும் கோகோவையும் தாக்குவதும் அதுதான். ஃபுளோரிடாவில் ஆரஞ்சுத் தோட்டத்துக்கு உதவியாளாக இருந்தது ஜோகூரில் டுரியான்காரரின் பகைவன். "இயற்கையானது" என்ற சொல் எந்த ஊரில், எந்தச் செடிக்குப் பக்கத்தில் என்று கேட்காமல் ஒன்றும் சொல்லாது. கொலேகோவில் இருந்ததோ கொலெட்டோட்ரைக்கம் குடும்பம். அந்த வகை குறிப்பிட்ட களையை மட்டும் தாக்கும் தனி வடிவம்தான், ஆனால் அதன் உறவினர்கள்தான் மாம்பழத்திலும் பப்பாளியிலும் மிளகாயிலும் கரும்புள்ளியாக வருவது.

இன்னொரு தடை ஈரம். இத்தகைய பூஞ்சைகளுக்குத் தெளித்த பிறகு இலை பல மணி நேரம் நனைந்தே இருக்க வேண்டும். நம் ஊர் ஈரப்பதம் இதற்கு ஏற்றது என்று தோன்றும். விடியற்காலையில் உண்மைதான். நண்பகலில் ஈரப்பதம் நன்றாக இறங்கிவிடும், பிற்பகல் பெருமழை தெளித்ததையே கழுவிக்கொண்டு போகும்.

மைக்கேனியாவுக்கு இப்படி ஒரு புட்டி கடையில் இல்லை. நாற்றுக் கடைகளில் டிரைக்கோடெர்மா, பியூவேரியா என்று பொட்டலங்கள் கிடைக்கும். முதலாவது வேரழுகல் நோயைத் தடுக்க, இரண்டாவது பூச்சிக்கு. களைக்கு இரண்டும் ஒன்றும் செய்யாது. தெரியாமல் வாங்கிவிட்டால் காசுதான் வீண். இந்த வழி சிறந்ததாக இருக்கக்கூடிய இடம் ஒற்றைக் களையால் அவதிப்படும் பெரிய வயல், அல்லது வெட்டிய மரக்கட்டை மறுபடி துளிர்க்காமல் தடுக்க வேண்டிய இடம். தென்னாப்பிரிக்காவில் வாட்டில் மரக்கட்டைகளுக்கும் கனடாவில் இலையுதிர் மரக்கட்டைகளுக்கும் பூஞ்சைத் தயாரிப்புகள் பயன்பட்டன. ஆஸ்திரேலியாவில் பார்க்கின்சோனியா மரத்தில் துளைபோட்டுப் பூஞ்சைக் குளிகையை வைக்கிறார்கள்.

## குடியேற்றப்படும் பூஞ்சை

இப்போது அந்த மூவரும் உண்மையில் படித்த விஷயத்துக்கு வருகிறேன். இங்கே புட்டி கிடையாது. களையின் தாயகத்திலிருந்து அதற்கென்றே வாழும் ஒரு நோயைத் தேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சோதித்து, ஒருமுறை விடுவார்கள். பிறகு அது தானே பரவித் தானே வாழ வேண்டும்.

இதன் முதல் பெரிய வெற்றி 1971-இல் ஆஸ்திரேலியாவில். கோதுமை வயல்களைப் பாழாக்கிய காண்ட்ரில்லா என்ற களைமேல் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த துரு நோயை (செடியில் துருப்பிடித்தாற்போல் தெரியும் பூஞ்சை நோய்) விட்டார்கள். போட்ட பணத்துக்கு நூறு மடங்குக்கு மேல் பலன் கிடைத்ததாகக் கணக்கிட்டார்கள். ஆனால் அந்தக் களையில் குறுகிய இலை, நடுத்தர இலை, அகன்ற இலை என மூன்று வடிவங்கள் இருந்தன. துரு தாக்கியது குறுகிய இலை வடிவத்தை மட்டும். அது ஒடுங்கிய இடத்தில் மற்ற இரண்டும் பரவின. ஒரு களையை அடக்கினால் அந்த இடத்தில் யார் வந்து உட்காருவார்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பதை இது அப்போதே காட்டிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நியூசிலாந்துடையது. பனிப்பூ என்று சொல்லத்தக்க ஏஜெரட்டினா ரைபேரியா என்ற களைக்கு 1998-இல் வெண்கரிப்பூஞ்சை ஒன்றை விட்டார்கள். கண்காணித்த இடங்களில் அந்தக் களையின் பரப்பு சில ஆண்டுகளில் சராசரியாக 81 விழுக்காட்டிலிருந்து 1.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. நாட்டுச் செடிகள் மெல்லத் திரும்பின. எந்தக் கையும் எந்த மருந்தும் இதைச் செய்திருக்க முடியாது.

சரி, மைக்கேனியா? அதற்கும் ஒரு துரு இருக்கிறது: புக்சினியா ஸ்பெகாஸ்ஸினி. இலையிலும் காம்பிலும் தண்டிலும் கொப்புளமாக வந்து, தண்டைப் புண்ணாக்கி, கொடியைத் தளரவைக்கும். உயிருள்ள செடியில்தான் வளரும், ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க முடியாது, ஆகவே புட்டியிலும் அடைக்க முடியாது. விடும் முறையே வேறு. நோய் பிடித்த தொட்டிச் செடிகளைக் கொண்டுபோய்க் களைப் புதரின் நடுவே வைத்துவிடுவார்கள். டிரினிடாடில் எடுத்த வகை 2005-இல் இந்தியாவில் விடப்பட்டது. அசாமிலும் கேரளத்திலும் முயன்றார்கள், நிலைக்கவில்லை. சீனாவிலும் நிலைக்கவில்லை. தைவான், பாப்புவா நியூ கினி, ஃபிஜி, வனுவாட்டு ஆகிய இடங்களில் காலூன்றியது. காரணம் ஒன்றல்ல. வறண்ட மாதங்கள் ஒரு பக்கம், அந்தந்த ஊர்க் கொடி அந்தத் துருவுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது மறுபக்கம். ஆண்டு முழுக்க மழை பெய்யும் தீவுகளின் பட்டியலைப் பார்க்கும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. ஆனால் நம் கொடி அந்தத் துருவை ஏற்குமா என்பதை இங்குள்ள கொடியில் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதனையின் முதல் கேள்வி மைக்கேனியா கார்டேட்டா. தென்கிழக்காசியாவுக்கே உரிய கொடி, வந்தேறிக் கொடியின் நெருங்கிய உறவு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணே தடுமாறும். 1974-இல் வாப்ஷியர் என்ற ஆய்வாளர் வகுத்த முறையில்தான் இன்றும் சோதிக்கிறார்கள். நெருங்கிய உறவில் தொடங்கி, தூரத்து உறவு, பிறகு அந்த ஊரில் மதிப்புள்ள பயிர்கள் என்று விரிந்துகொண்டே போவார்கள். மைக்கேனியாவின் குடும்பம் சூரியகாந்திக் குடும்பம். சாமந்தியும் லெட்டூஸும் அதில் உண்டு. இவை எல்லாவற்றையும் தாண்டிய பிறகுதான் வெளியில் விடுவது.

இவ்வளவு கறார் ஏன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு துருக்களைக் காட்டுவேன். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியை நிறைத்த ஆஸ்திரேலிய அக்கேசியா மரத்துக்கு எதிராக 1987-இல் முடிச்சுத் துரு ஒன்றை விட்டார்கள், மரங்கள் பெருமளவு குறைந்தன. அந்தப் பூஞ்சையின் நெருங்கிய உறவு ஒன்று, முன்பு அதே பெயரில்தான் அழைக்கப்பட்டது, சபாவிலும் பிலிப்பீன்ஸிலும் ஜாவாவிலும் அல்பீசியாத் தோட்டங்களை நாசமாக்கியது. சிங்கப்பூரில் கைவிட்ட நிலங்களை நிறைத்து, காற்றில் கிளை முறிந்து விழுகிறதே, அதே அல்பீசியா. இங்கே நாம் களை என்று வெட்டும் மரம் ஜாவாவில் ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

இரண்டாவது, மிர்ட்டில் துரு. இதை யாரும் களைக்காக விடவில்லை, தானாகப் பரவியது. ஒரு குடும்பத்தையே தின்னும் பசி அதற்கு. 2010-இல் ஆஸ்திரேலியாவை அடைந்து அங்குள்ள நாட்டு மரங்களைச் சிதைத்தது. சிங்கப்பூரிலும் ஒரு புதர்ச்செடியில் பதிவாகியிருக்கிறது. நாவல், ஜம்பு, கொய்யா எல்லாம் அதே குடும்பம். குறுகிய பசியுள்ள துருவுக்கும் அகன்ற பசியுள்ள துருவுக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அது காட்டுகிறது.

நம் காடுகளில் நிழலுக்குள்ளும் புகுந்துவிட்ட கிளிடேமியா ஹிர்ட்டா புதரையும் சொல்லியாக வேண்டும், பூஞ்சையின் அருமை அதில்தான் தெளிவாகத் தெரிகிறது. கோஸ்டாரிகாவில், அதன் சொந்த ஊரில், அது வெயில் இடங்களோடு நின்றுகொள்ளும். அங்கே ஆய்வாளர்கள் காட்டு நிழலில் இந்தச் செடியை நட்டு, சிலவற்றுக்குப் பூச்சி மருந்தும் சிலவற்றுக்குப் பூஞ்சைக்கொல்லியும் சிலவற்றுக்கு இரண்டும் அடித்துப் பார்த்தார்கள். பிழைப்பது முறையே 12, 19, 41 விழுக்காடு கூடியது. 2004-இல் வெளிவந்த ஆய்வு இது. நிழலுக்குள் வராமல் அதைத் தடுத்துவைத்திருந்தவை பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்துதான். ஃபிஜியில் 1930-இல் விட்ட இலைப்பேன் வெயிலில் நன்றாக வேலை செய்தது, நிழலில் அந்தப் பூச்சி நிற்பதில்லை. ஹவாயில் 1986-இல் இதே புதருக்கு ஒரு கொலெட்டோட்ரைக்கம் பூஞ்சையை விட்டார்கள். ஆனால் ஹவாயில் இந்தக் குடும்பத்தில் நாட்டுச் செடியே கிடையாது. நமக்கோ அதே குடும்பத்து நாட்டுப் புதரான செண்டுடுக் இருக்கிறது, காட்டுக்குள் இன்னும் எத்தனையோ உறவுகள் இருக்கின்றன. அவர்களுக்கு எளிதாக இருந்த முடிவு நமக்கு எளிதாக இராது.

மறைந்த செலவுகள் இங்கே வேறு மாதிரி. விடுவதற்கு முன் பல ஆண்டு ஆய்வு. விட்ட பிறகு பல ஆண்டு கண்காணிப்பு. களை தளர்ந்த இடத்தில் நாட்டு மரம் நடாவிட்டால் வேறொரு கொடி வரும், ஆகவே நடவுச் செலவும் இதில் சேரும். அப்புறம், ஜோகூர் நீரிணை குறுகிய இடங்களில் ஒரு கிலோமீட்டர் அகலம்தான். துரு வித்துக்குக் கடப்பிதழ் தேவையில்லை. சிங்கப்பூர் எடுக்கும் முடிவு மலேசியாவின் முடிவாகவும் ஆகிவிடும், ஆகவே இருவரும் சேர்ந்தே எடுக்க வேண்டும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பூஞ்சை என்றாலே ரப்பர் நினைவில் அஞ்சும் பிரதேசம் இது. அந்த அச்சம் நியாயமானது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | கை | களைக்கொல்லி | புட்டிப் பூஞ்சை | குடியேறும் பூஞ்சை |
|---|---|---|---|---|
| ஏற்ற பரப்பு | வேலி, பாத்தி, சிறு காட்டோரம் | தோட்டம், வெட்டிய கட்டை | ஒற்றைக் களையுள்ள வயல் | நாடு, பிரதேசம் |
| பலன் தெரிய | அன்றே | நாள்கள், வாரங்கள் | வாரங்கள் | ஆண்டுகள் |
| மறுபடி செய்ய வேண்டுமா | அடிக்கடி | ஆம் | பெரும்பாலும் ஆம் | இல்லை, நிலைத்தால் |
| திரும்பப் பெற | முடியும் | ஓரளவு | உயிரியைப் பொறுத்தது | முடியாது |
| யார் முடிவு | நீங்கள் | நில உரிமையாளர், விதிகளுக்கு உட்பட்டு | நில உரிமையாளர், அனுமதியோடு | அரசுகள் |
| மறைந்த செலவு | உடல் உழைப்பு, மிதிபடும் கன்றுகள் | நீர், அடிப்பவர் உடல்நலம், சாகாத களை | குளிர்ப்பதனம், பக்கத்துப் பயிர் | ஆய்வு, கண்காணிப்பு, மறுநடவு |

## அந்த மூவருக்கும் சொன்னது

உட்லண்ட்ஸ் அக்காவுக்கு: கைதான். இருபது அடி வேலிக்கு வேறெதுவும் தேவையில்லை. இரண்டு பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், கறுப்புப் பை. வேலியடி மண் வெறுமையாகக் கிடக்காமல் வெற்றிலையோ பசலையோ படரவிடுங்கள். இடம் காலியாக இருந்தால்தான் கொடி வருகிறது. பக்கத்துப் புளோக்கின் சரிவிலும் அதே கொடி இருக்கிறதென்றால் நகர மன்றத்திடம் சொல்லுங்கள், அங்கிருந்துதான் விதை வருகிறது.

குளுவாங் அண்ணனுக்குப் பதில் சொல்வதுதான் கடினமாக இருந்தது. ஐந்து ஏக்கரைக் கையால் பிடுங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரத்தில் ஏறியதைக் கத்தியால் அடியில் வெட்டிவிட்டு, மரத்தடி வட்டத்தை மட்டும் சுத்தமாக வைத்து, வரிசைகளுக்கு நடுவே இதைவிடச் சாதுவான மூடுபயிரை விடும்படி சொன்னேன். மருந்து அவசியமென்றால் உறை, கண்ணாடி, முகமூடி இல்லாமல் யாரையும் அடிக்கவிடாதீர்கள் என்றும் சொன்னேன். துரு வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். அது வந்தாலும் கொடியைத் தளரவைக்கும், தோட்டத்தைச் சுத்தமாக்கித் தராது. தளர்ந்த கொடியை வெட்டுவது பாதி வேலை, அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

தொண்டூழியத் தம்பிக்கு அதிகம் சொல்ல இருந்தது, ஏனென்றால் மூவரில் அவருடைய களத்துக்குத்தான் பூஞ்சை உண்மையிலேயே சிறந்த வழியாக இருக்கக்கூடும். காட்டோரம் நீளமானது, கைகள் குறைவு, மருந்து அடிக்கக் கூடாத இடம். மைக்கேனியாத் துருவை இந்தப் பகுதிக்கு ஆராய்வதை நான் மனதார ஆதரிக்கிறேன், கார்டேட்டாக் கொடியைத் துரு தாக்காது என்று சோதனை காட்டினால். தாக்கினால் அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட வேண்டும். அதுவரை உங்கள் சனிக்கிழமைகள் வீணில்லை. எந்த இடத்தில் எவ்வளவு கொடி, எத்தனை வாரத்தில் திரும்பியது, எந்த நாட்டுக் கொடியோடு கலந்து நிற்கிறது என்று எழுதி வையுங்கள். நாளை யாராவது துருவின் பலனை அளக்க வந்தால், முன்பு எப்படி இருந்தது என்ற கணக்கு அவர்களுக்குத் தேவைப்படும்.

அவர் கடைசியாக ஒன்று கேட்டார். சில கொடிகளில் இலை முழுக்கப் பழுப்புப் புள்ளி பார்த்தாராம். அந்த இலைகளை அரைத்துத் தண்ணீரில் கலந்து மற்றக் கொடிகளில் தெளித்தால் என்ன? தயவுசெய்து வேண்டாம் என்றேன். அந்தப் புள்ளி எந்தப் பூஞ்சை என்று இலையைப் பார்த்து உங்களாலோ என்னாலோ சொல்ல முடியாது. மிளகாயைத் தாக்குவதாகவும் இருக்கலாம், பக்கத்திலிருக்கும் ஆர்க்கிட்டைத் தாக்குவதாகவும் இருக்கலாம். வெளிநாட்டிலிருந்து தாவர நோய்க்கிருமியை அனுமதியின்றிக் கொண்டுவருவது சட்டப்படியே குற்றம். உள்ளூர்ப் புள்ளியைச் சுமந்து திரிவதும் அதே ஆபத்துதான். இலையின் இரண்டு பக்கத்தையும் தெளிவாகப் படமெடுத்து, இடத்தைக் குறித்து, தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புங்கள். இலையைப் பறிக்காதீர்கள். அந்தக் கொடியைத் தொட்ட கையுறையையும் கத்தியையும் துடைத்த பிறகு அடுத்த இடத்துக்குப் போங்கள்.